கொற்றலை வளர்த்த கால்கள்

“கொடு! லெஃப்ட்ல கொடுடா, லெஃப்ட்ல!”

எல்லைக்கோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தார் தணிகைவேல். பந்தை வைத்திருந்த பையன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அவர் கை இடப்பக்கம் நீண்டது. பந்து இடப்பக்கம் போனது. அங்கிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து வலைக்குள்.

“பாத்தீங்களா மாஸ்டர்?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“பாத்தேன்” என்றார் ஜெனிட்டா.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு என்பது தணிகைவேலுக்குத் தெரியும். என்ன பொருள் என்பதுதான் தெரியாது.

எண்ணூரில் இருக்கும் கொற்றலைக் கால்பந்துக் கழகத்தில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஜெனிட்டாதான் தலைமை. குமரிக் கரையிலிருந்து வந்தவர். தணிகைவேலைவிடப் பத்து வயது இளையவர். தணிகைவேல் ஒரு காலத்தில் பேர் வாங்கிய தடுப்பாட்டக்காரர். முட்டி போன பிறகு இளையோர் அணிக்குப் பையன்களை எடுப்பதும் வளர்ப்பதும் அவர் வேலை. ஜெனிட்டா வந்த பிறகு, ஒரு ஆட்டக்காரனை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள அவர் பின்னாலேயே சுற்றினார். “முடியெல்லாம் கொட்டுனப்புறம் ஸ்கூல்ல சேந்துட்டாரு” என்று பெரிய அணியில் கேலி பேசினார்கள். தணிகைவேல் பொருட்படுத்தவில்லை. இளையவரை மாஸ்டர் என்று அழைத்தார். மாஸ்டர் அவரை அண்ணே என்று அழைத்தார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

இன்றைக்கு அவருக்கு எதுவும் சரியாக இல்லை.

காலையில் முதலாளி கோவர்தனம் மைதானத்துக்கே வந்துவிட்டார். காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“வருஷா வருஷம் பசங்கள எடுக்கிறோம், தங்க வச்சு சோறு போட்டு வளக்கிறோம். எடுக்கிறது சரியா, வளக்கிறது சரியான்னு பார்ட்னருங்க கேக்கறாங்க. இன்னிக்கு சாயங்காலம் உக்காரப் போறோம். சரின்னா இளையோர் அணி இருக்கும். தப்புன்னா மூடிட்டு, வளந்த ஆளுங்கள வெளியிலேந்து வாங்கிக்கலாம். போன் பண்ணுவேன். ஒரு பதில் போதும்.”

அவர் பார்த்தது ஜெனிட்டாவை.

“தணிகை அண்ணன் சொல்லுவாரு” என்றார் ஜெனிட்டா.

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அப்போதிலிருந்து தணிகைவேலின் கண் விடுதிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. மைதானத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட விடுதி. அதில் இருக்கும் பையன்களில் சிலர் படிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். திருப்பி அனுப்பினால் போகப் பள்ளிக்கூடம் கூடக் கிடையாது. ஒவ்வொருவனையும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு மணல்வெளியில் பார்த்துக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர்தான்.

பயிற்சி ஆட்டம் முடிந்தது. பையன்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினார்கள்.

“மாஸ்டர், நானே எடுத்தேன், நானே வளத்தேன். என்னையே மார்க் போடச் சொன்னா எப்பிடி?”

“வேற யாருக்கு அண்ணே தெரியும்?”

“சரின்னு சொல்லிடவா? பெரிய அணில இப்ப ஆடுறவங்கள்ல பாதிப் பேரு நம்ம பசங்க.”

“அவங்கள பெரிய அணில சேத்தது யாரு?”

“நாமதான்.”

“ஆட விட்டது?”

“நாமதான்.”

“சொதப்பினா உக்கார வைக்காம இன்னொரு ஆட்டம் குடுத்தது? வெளியேந்து வந்தவனுக்கு அந்த இன்னொரு ஆட்டம் கிடைச்சுதா?”

“கிடைக்கல.”

“நாமளே சமைச்சு, நாமளே சாப்பிட்டு, நாமளே ஏப்பம் விடுறோம்” என்றார் மாஸ்டர்.

“அப்ப எத வச்சு சொல்றது?”

மாஸ்டர் வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

“ஏறுங்க.”

“முதலாளி போன் பண்ணுவாரு.”

“போன் சட்டப்பையில தானே இருக்கு?”

“எங்க போறோம்?”

“நாம வேணாம்னு அனுப்பினவங்க ஆடுற இடத்துக்கு.”

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி நுழைந்து நுழைந்து போனது. பின்னால் உட்கார்ந்திருந்த தணிகைவேலுக்கு அனுப்பிவிடும் நாட்கள் நினைவுக்கு வந்தன. கோடை முடிந்ததும் அந்த வேலை வரும். தேறாதவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போவார். எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “ஆட்டத்த மட்டும் விட்டுடாத.” ஒருவன் அழுவான். இன்னொருவன் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவான். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவனும் ஆடி அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அறுத்த வயலை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

மூலக்கொத்தளம் பக்கம் ஒரு கட்டாந்தரை மைதானம். செவன்ஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஏழேழு பேர், சுற்றி ஊரே நின்றது. எல்லைக்கோடு சுண்ணாம்பில் போட்டிருந்தது. கூட்டம் அதை மிதித்து அழித்திருந்தது. மேடை என்று ஒரு மாட்டுவண்டி. அதன் சக்கரத்தில் பரிசுக் கிடா கட்டியிருந்தது. மேலே ஒருவன் மைக்கைப் பிடித்திருந்தான்.

“கிடா தூங்கப் போவுதுப்பா! யாராவது ஒரு கோலப் போடுங்க, அதுக்குத் தலையெழுத்து இன்னான்னு தெரியணும்ல!”

மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும். எதிரே சாயங்கால வெயில். ஓடுகிறவர்கள் கறுப்பு நிழல்களாகத்தான் தெரிந்தார்கள்.

“இதுல நம்ம கிட்ட வளந்து போனவங்க இருக்காங்க. காட்டுங்க பாப்பம்” என்றார் மாஸ்டர்.

தணிகைவேல் கையைப் புருவத்தில் வைத்தார். “மூஞ்சி தெரியலையே மாஸ்டர். வெயிலு கண்ணுல அடிக்குது.”

“மூஞ்சிய யாரு கேட்டா?”

அவர் பார்த்தார். ஓட்டத்தைப் பார்த்தார். கொற்றலையில் வளர்ந்தவன் பந்தை உள்ளங்காலுக்கு அருகிலேயே வைத்திருப்பான், அதைத் தேடினார். இங்கே எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கட்டாந்தரையில் வேறு எப்படி வைப்பது? தன் கைராசி எங்கேயாவது தெரியும் என்று நினைத்தார். தெரியவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போன் இன்னும் அடிக்கவில்லை.

பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பைக் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்.

“டேய், ரோடு கிராஸிங்! லாரி ஒண்ணும் வர்ல, தாண்டுடா!”

கூட்டம் சிரித்தது. மைக் பிடித்தவன் அதை எடுத்துக்கொண்டான். “நம்ம ரோடு கிராஸிங் காலுல பந்து! இந்தப் பக்கம் பாக்குறாரு… பாத்துட்டாரு… அய்யய்யோ, பந்து பூட்ச்சி!”

மறுபடி சிரிப்பு.

“யாருங்க அது, ரோடு கிராஸிங்?” என்று தணிகைவேல் கேட்டார்.

“அதோ, மஞ்ச சட்ட, ஒசரமா கீறான் பாரு. நல்லா ஆடுவான்பா. காலு தங்கம். ஆனா பந்து வந்தா மொதல்ல லைன் பக்கமா திரும்பிப் பாப்பான். இஸ்கூல் புள்ள ரோட்டத் தாண்டுற மாரி. அப்பால தான் அடிப்பான். அதுக்குள்ள எவனாவது வந்து புடுங்கினு பூடுவான்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. இவன் மட்டும் இல்ல, அந்த நீலத்துல தடுப்பு ஆடுறான் பாரு, அவனும் அப்டித்தான். ரெண்டும் எண்ணூர் கிளப்பு சரக்கு. அங்க இன்னா சொல்லித் தர்றானுங்கோ தெர்ல. கால்பந்து கத்துக் குடுக்குறானுங்களா, டிராபிக் போலீஸுக்கு ஆள் எடுக்குறானுங்களா?”

தணிகைவேல் சிரிக்க முயன்றார். வரவில்லை.

மஞ்சள் சட்டைக்காரனிடம் மறுபடி பந்து வந்தது. எதிரே ஆள் இல்லை. முன்னால் வழி கோயில் வாசல் போலத் திறந்து கிடந்தது. அவன் தலையைத் திருப்பி எல்லைக்கோட்டைப் பார்த்தான். கோட்டில் கூட்டம் நின்றது. வேர்க்கடலை விற்கிறவன் நின்றான். அவன் பார்வை அவர்கள் யார் மேலும் நிற்கவில்லை. அவர்களுக்கு நடுவில், ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே ஒருவரும் இல்லை. அவன் திரும்புவதற்குள் வழி அடைபட்டுவிட்டது.

“லூர்து” என்றார் தணிகைவேல்.

மாஸ்டர் தலையசைத்தார்.

லூர்துவை எடுத்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காசிமேட்டில் வலை காயப்போட்டிருந்த மணல். பையன் வெறுங்காலோடு ஆடினான். மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். பந்தை உள்ளங்காலின் கீழ் ஒளித்துவைத்து இடுப்பை மட்டும் ஒரு பக்கம் போவது போல அசைத்தான். மூன்று பேரும் அந்தப் பக்கம் போனார்கள். அவன் இந்தப் பக்கம் போனான். தணிகைவேல் நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று அந்தப் பையன் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்கு நேரமே இல்லை.

நான்கு வருடம் கொற்றலையில் இருந்தான். நான்கு வருடமும் தணிகைவேல் அவனுக்கு எல்லைக்கோட்டிலிருந்து கண்ணாக இருந்தார். எங்கே கொடுக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும், எல்லாம் சொன்னார். பிறகு, ‘ஒரு நொடி தாமசமா ஆடுறான், தேறமாட்டான்’ என்று அவரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

ஒரு நொடி தாமதம். அந்த நொடி எங்கேயிருந்து வந்தது என்று அவர் அன்று யோசிக்கவில்லை.

“மாஸ்டர்…”

“அந்த நீலத்துல குட்டையா ஒருத்தன் இருக்கான், பாருங்க” என்றார் மாஸ்டர்.

குட்டையானவன் பந்தைத் துரத்தவில்லை. பந்து வரப்போகும் இடத்தில் போய் நின்றான். வந்தது. குதிகாலால் பின்னுக்குத் தட்டிவிட்டு, தட்டிய பந்தைத் தானே சுற்றி வந்து எடுத்தான். அவனைக் காத்து நின்றவன் அவன் இருந்த இடத்தையே காத்துக்கொண்டு நின்றான். பந்து வலைக்குள் போனது. கிடா மிரண்டு கத்தியது. மைக் பிடித்தவன், “அதுக்கே புரிஞ்சிபோச்சு பாரு!” என்றான்.

“இம்தியாஸ்” என்றார் தணிகைவேல். “லூர்துவ எடுத்த அன்னிக்கே எடுத்தேன். அதே மணல்ல.”

“ம்.”

“அவங்கப்பாவுக்கு முடியாமப் போச்சு. வந்து ரெண்டு வாரத்துல வீட்டுக்குப் போயிட்டான். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல அவனுக்கு.”

“ம்.”

லுங்கிக்காரர் பைக்கிலிருந்தே குனிந்து சொன்னார்: “இவன் ஒருத்தன் தான்பா உருப்படி. அந்த கிளப்பு எப்டி இவன வுட்டான்னே தெர்ல. கண்ணே இல்ல அவனுங்களுக்கு.”

தணிகைவேல் இம்தியாஸைப் பார்த்தார், பிறகு லூர்துவைப் பார்த்தார். இரண்டு பேரையும் ஒரே கண்தான் பார்த்தது. ஒரே கைதான் தோளைத் தட்டியது. ஒருவனுக்கு அதற்குப் பிறகு அவர் கிடைத்தார். மற்றவனுக்குக் கிடைக்கவில்லை.

சட்டைப்பை அதிர்ந்தது.

எடுத்தார். முதலாளியின் பெயர் மின்னியது. விரல் வழுக்கியது, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு தொட்டார்.

“சொல்லுங்க தணிகை” என்றது முதலாளியின் குரல். பின்னால் டம்ளர்கள் மோதும் ஓசை, யாரோ இருமும் ஓசை. “எல்லாரும் உக்காந்திருக்கோம். சரியா, தப்பா?”

தணிகைவேல் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் நின்ற இடத்தில் மாஸ்டர் இல்லை.

இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். சட்டைகள், தலைகள், தூசி. மாஸ்டரின் வண்டி மட்டும் நின்றது. ஹெல்மெட் அதில் தொங்கியது.

“யாரப்பா தேடுற?” என்று லுங்கிக்காரர் கேட்டார்.

“தணிகை? கேக்குதா?”

“கேக்குது சார்.”

“சரின்னா சரின்னு சொல்லிட்டுப் போங்க. பெரிய அணில பாதி உங்க பசங்க. எனக்கும் அதான் தோணுது. ஒரு வார்த்த.”

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் விடுதி இருக்கும். அவரும் இருப்பார். நாளைக் காலையில் எல்லைக்கோட்டில் ஓடலாம். பையன்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்ப்பார்கள்.

தப்பு என்று சொன்னாலோ, தகரக் கூரையின் கீழ் படுத்திருக்கும் அத்தனை பேரும் பையைக் கட்ட வேண்டும்.

“எடுத்தது சரி சார்” என்றார்.

“அப்பாடா. வளத்தது?”

மைதானத்தில் ஒருவன் விழுந்தான். விசில் ஒலித்தது. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

“வளத்தது தப்பு.”

அந்தப் பக்கம் டம்ளர் ஓசை நின்றது.

“என்னய்யா பேசறீங்க? வளக்கிறது நீங்கதான?”

“நான்தான் சார். அதனாலதான் சொல்றேன். பசங்க கிட்ட ஒரு கொறையும் இல்ல. அவங்க வரும்போது நல்லாத்தான் வந்தாங்க. பசங்கள அனுப்பாதீங்க. மாத்தணும்னா என்னைய மாத்துங்க.”

யாரோ ஏதோ கேட்டார்கள். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது மங்கலாகக் கேட்டது. பிறகு குரல் திரும்பியது. இப்போது அதில் பழைய நெருக்கம் இல்லை.

“ஜெனிட்டா பக்கத்துல இருக்காங்களா? அவங்க என்ன சொல்றாங்க?”

“இங்க இல்ல சார். இது நான் சொல்றது.”

தணிகைவேல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். காது சுட்டது.

“பசங்க இந்த வருஷம் இருக்கட்டும்” என்றார் முதலாளி. “உங்க விஷயத்தத் திங்கக்கிழமை பேசலாம். ஆபீஸுக்கு வாங்க.”

“வரேன் சார்.”

போன் அணைந்தது. திங்கட்கிழமைப் பேச்சு எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். அப்படி அழைக்கப்பட்டு முதலாளியின் அறையிலிருந்து வெளியே வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு வேர்க்கடலைப் பொட்டலங்கள். ஒன்றை நீட்டினார். தணிகைவேல் வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை.

“முதலாளி பேசினாரு.”

“ம்.” மாஸ்டர் ஒரு கடலையை நசுக்கித் தோலை ஊதினார்.

“எங்க போயிட்டீங்க? தேடினேன்.”

“தேடினீங்களா?”

“என்ன சொன்னேன்னு கேக்கலையே.”

“சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிட்டேன்.” இரண்டடி முன்னால் வந்து மாஸ்டரின் முகத்தையே பார்த்தார். “சரியாத்தான் சொன்னேனா மாஸ்டர்?”

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. கடலைத் தோல் ஒட்டியிருந்த கையை நீட்டி மைதானத்தைக் காட்டினார்.

“ஆட்டம் அங்க நடக்குது அண்ணே.”

பந்து உருண்டு வந்து கூட்டத்தின் கால்களில் முட்டி நின்றது. மஞ்சள் அணியின் எறி. லூர்து ஓடி வந்து பந்தை எடுத்தான். தலைக்கு மேல் தூக்கினான். யாரிடம் எறிவது என்று தேடி, வழக்கம் போலக் கழுத்து பக்கவாட்டில் திரும்பியது. இந்த முறை அங்கே தணிகைவேல் நின்றார். அவன் கண் விரிந்தது, அவர் கை எந்தப் பக்கம் நீளும் என்று காத்தது.

தணிகைவேல் குனிந்தார். இறுக்கமாகவே இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்ட ஆரம்பித்தார்.